இவர் காதுக்கு ஏற்ற பெட்டி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே எனக்கும் இவருக்கும் சர்க்கரை, பிரஷர் எல்லாம் எல்லைக்குள் இருக்கின்றன. அங்கே உங்களுக்கும் அண்ணிக்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் ரிப்போர்ட்டை அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் நன்றி சொல்ல வாயெடுத்தாலே, "அட விடுங்கம்மா, இதெல்லாம் ஒரு விஷயமா" என்று வெட்டிவிட்டு, அங்கே மழை உண்டா என்று கேட்கிறீர்கள். கடிதத்தில் அந்த வேலை நடக்காது. உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் எங்களுக்குச் செய்தது எவ்வளவு பெரிய உதவி என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கே புரியும்.

உங்கள் சம்பந்தி அச்சகத்தில் பெரிய மெஷின் ஓட்டியவர் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த ஹாலில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதே தொண்டையோடுதான் வீட்டுக்கும் வருவார். உப்பு வேண்டும் என்று இவர் கேட்டால் எதிர்வீட்டில் எடுத்து நீட்டுவார்கள். முதன்முதலாக உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, "பொண்ணோட அப்பாவை விட அம்மாதான் விவரமா தெரியறாங்க" என்று என் காதில் ரகசியமாகச் சொன்னாரே, அதை நீங்கள் இருவரும் கேட்காதது போலவே உட்கார்ந்திருந்தீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் இன்றுவரை மறக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே, மகன் விட்டுவிட்டுப் போன ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பாட்டு கேட்கிறாராம். காலையில் மாட்டினால் சாப்பாட்டுக்குக் கழற்றுவார், சாப்பிட்டதும் மாட்டுவார். பேச்சு அடியோடு நின்றுபோயிற்று. நானும் ஆஸ்பத்திரி லேபிலிருந்து ஓய்வு பெற்றவள். அங்கே ஊசியும் கையுமாக நிற்பவளிடம் எல்லாரும் வலிய வந்து பேசுவார்கள், பயம்தான் காரணம், இருந்தாலும் பேச்சு பேச்சுதானே. வீட்டில் எனக்குப் பேச ஆள் இல்லை. ஆள் இருக்கிறார், காது மூடியிருக்கிறது. துணி துவைக்கிற மெஷினாவது வேலை முடிந்ததும் என்னைக் கூப்பிடும்.

இப்படி இருக்கையில் ஒருநாள் பால்கனியில் துணி உலர்த்தப் போனேன். காற்றில் கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது, உள்பக்கத் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஹெட்போனும் காதுமாக உட்கார்ந்திருக்கிறார். தட்டினேன். கூப்பிட்டேன். வளையல் உடைகிற மாதிரி தட்டினேன். அண்ணா, நான் தட்டத் தட்ட இவர் தலையை ஆட்டுகிறார், அதுவும் நான் தட்டுகிற தாளத்துக்குச் சரியாக. எனக்கு வந்த கோபத்தில் உலர்த்திய துணி எல்லாம் என் சூட்டிலேயே காய்ந்திருக்கும். கடைசியில் தண்ணீர் குடிக்க எழுந்தவர் திரும்பிப் பார்த்து, கதவைத் திறந்து, "வெளியில என்ன பண்றே?" என்றார். "காத்து வாங்கறேன்" என்றேன். அன்றைக்குத்தான் முடிவு கட்டினேன், ஒன்று அந்த ஹெட்போன் இந்த வீட்டில் இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும். சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அன்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. நாளைக்குக் குளியலறையில் நான் வழுக்கி விழுந்தாலும் இவர் தாளம்தானே போடுவார்?

பாட்டுக் கேட்கக் கூடாது என்று சொல்ல நான் அவ்வளவு கல்நெஞ்சுக்காரி இல்லை. ஹாலில் ஸ்பீக்கர் வைத்துக் கேட்டால் காது திறந்திருக்குமே என்று யோசித்தேன். மகனுடைய பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கரும் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. இழுத்துத் துடைத்து, வயரைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பாட்டைப் போட்டால், பாட்டுக்குப் பின்னால் எண்ணெயில் ஏதோ பொரிகிற மாதிரி ஒரு சத்தம். அதுகூடப் பரவாயில்லை. இவர் மவுசை நகர்த்தும்போதெல்லாம் ஸ்பீக்கருக்குள் யாரோ நகத்தால் பிறாண்டுகிறார்கள். "ஹெட்போன்ல இந்தத் தொல்லை இல்ல பாரு" என்று வெற்றிப் புன்னகையோடு மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். நான் மருமகளுக்குப் போன் போட்டேன். அவள், "எங்க அப்பாவைக் கேளுங்க அத்தை, ஆனா உக்காந்துக்கிட்டுக் கேளுங்க" என்றாள். பெற்ற அப்பாவை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிற பெண்.

நீங்கள் அன்று பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் புரிந்த பாதி மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் பாட்டு எண்களாகத்தான் இருக்கிறது, ஸ்பீக்கருக்கு எண் தெரியாது, எண்ணை ஒலியாக்கிக் கொடுக்க நடுவில் ஒன்று வேண்டும், கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிற ஒன்று அங்கே இருக்கிற சந்தடியில் சரியாக வேலை செய்யாது, அதனால் 'டாக்' என்று வெளியே ஒரு பெட்டி வாங்கி வையுங்கள் என்றீர்கள். நான் என் வழக்கப்படி புரிந்துகொண்டேன். லேப் ரிப்போர்ட்டில் வெறும் எண்தான் இருக்கும், டாக்டர் வாயைத் திறந்து சொன்னால்தான் நோயாளிக்கு விஷயம் தெரியும். வெளியே இருக்கிற பெட்டி, அமைதியான அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிற டாக்டர். "அதேதாம்மா" என்று நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள். அதோடு, "பெரிய விலை கொடுக்காதீங்க, உங்க ஹாலுக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் சின்னதே தாராளம், ஸ்பீக்கரைச் சுவத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி வைங்க, அதுல கிடைக்கிற பலன் காசு குடுத்தாக் கிடைக்காது" என்றீர்கள். அந்த வார்த்தைக்கு மட்டும் நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பேசுகிறவர். ஒரு பெரிய பெட்டியைத் தடவிக்கொண்டே, "இதுல பின்னணி அப்படியே கறுப்பா இருக்கும் மேடம்" என்றார். எங்கள் ஹால் பச்சை பெயின்ட் என்றேன். "இல்ல மேடம், ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவுல இருக்கிற மௌனம் கேக்கும்" என்றார். "அது எங்க வீட்டுல ஏற்கெனவே நிறைய இருக்குப்பா, மீதியைக் காட்டு" என்றேன். அவர் கண்ணைத் திறந்துவிட்டார். கடைசியில், முன்பணம் கட்டி மூன்று பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம், பிடித்ததை வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரலாம் என்று ஏற்பாடாயிற்று. ஒன்று தீப்பெட்டி அளவு, அதுதான் நீங்கள் சொன்ன ரகம். ஒன்று சோப்புப் பெட்டி அளவு. மூன்றாவது நீல விளக்கெல்லாம் எரிகிற பெரிய பெட்டி, அதற்குத் தனியாகக் கரண்ட் வேறு வேண்டும்.

முதலில் சின்னதை மாட்டினோம். மவுஸ் பிறாண்டுவது நின்றது. ஆனால் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தது, பல் வலிக்காரர் பக்கத்து அறையில் படுத்திருக்கிற மாதிரி. இவர் ஹெட்போன் பக்கம் கையை நீட்டினார். விடுவேனா? பெரிய பெட்டியை எடுத்தேன். அதற்குக் கரண்ட் கொடுக்க பிளக் பாயின்ட் இல்லை, சமையலறை வாசலில் இருந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினேன். அண்ணா, என்ன அமைதி தெரியுமா! முனகலே இல்லை. பாடுகிறவர் மூச்சு இழுப்பது கேட்டது. "பெரிசு பெரிசுதான்" என்று இவர் சொல்ல, "அவரு என்னமோ சின்னது போதும்னாரு" என்று நானும் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகப் பேசிவிட்டேன். மறுநாள் காலையில் சமையலறையில் கால் வைத்தால் தண்ணீர். நான் பிடுங்கியது ஃபிரிட்ஜ் பிளக். பால் திரிந்து, ஐஸ்கிரீம் கஞ்சியாகி, காய்கறி எல்லாம் ஜுரம் வந்தது போலக் கிடந்தன. ஒரு பிளக் போர்டு வைத்து ஃபிரிட்ஜையும் பெட்டியையும் சேர்த்துச் சொருகியதும், பெரிய பெட்டியும் 'ம்ம்ம்' என்றது, சின்னதை விடச் சத்தமாக. நான் தரையைத் துடைத்துக்கொண்டே உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. "எல்லா வயரையும் ஒரே பிளக் போர்டுல போட்டுட்டு, ஃபிரிட்ஜைத் தனியா விடுங்கம்மா" என்று மட்டும் சொன்னீர்கள். போட்டோம். மூன்று பெட்டியிலும் முனகல் போய்விட்டது. நீங்கள் சிரிக்காமல் இருந்ததற்கும் என் நன்றி. அண்ணி பின்னால் சிரித்தது எனக்குக் கேட்டது, அது வேறு விஷயம்.

இனி எது நல்லது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கேதான் நான் என் தொழிலைக் காட்டினேன். நோயாளி சொல்வதை நம்பக் கூடாது, சாம்பிளைத்தான் நம்ப வேண்டும் என்று பழகியவள் நான். மூன்று பெட்டிக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, மேலே ஒரு குளியல் துண்டைப் போர்த்தி, இவரை எதிரே நாற்காலியில் உட்கார வைத்தேன். டீ குடித்தால் காது சூடாகி முடிவு மாறும் என்று டீயைக்கூட நிறுத்தினேன். "ரத்தம் எடுக்கப் போறியா, பாட்டுப் போடப் போறியா?" என்று கேட்டார். துண்டுக்கு அடியில் கையை விட்டு வயரை மாற்றி மாற்றிப் போட்டேன். நடுப் பெட்டி மாட்டியிருந்தபோது ஒரு சின்ன விபத்து. அந்தப் பெட்டியில் ஒரு வால்யூம், கம்ப்யூட்டரில் ஒரு வால்யூம், ஆம்ப்ளிஃபயரில் ஒரு வால்யூம். பாட்டு மெதுவாக இருக்கிறது என்று இவர் மூன்றையும் கடைசி வரை திருகிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டருக்கு ஏதோ மெயில் வந்து 'டிங்' என்றது. அது டிங் இல்லை அண்ணா, அது இடி. இவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இரவு டியூட்டி முடிந்து தூங்கிக்கொண்டிருந்த மேல்வீட்டு நர்ஸ், போர்வையோடு இறங்கி வந்து, "உள்ள யாருக்காவது அடிபட்டிருக்கா?" என்று கேட்டாள். இவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார், தன்னுடைய அச்சகக் குரலில். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று! அவளுக்கு மறுபடியும் தூக்கம் கெட்டிருக்கும், எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே மகிழ்ச்சி.

முடிவைக் கேளுங்கள். எத்தனை முறை குலுக்கி வைத்தாலும் சின்னப் பெட்டி வந்தபோதெல்லாம் இவர், "இதுதான், இதுதான் நல்லா இருக்கு" என்றார். ஒரு முறைகூடத் தவறவில்லை. ஏமாற்றுவதற்காக வயரை மாற்றுவது போலப் பாவனை செய்து அதையே இரண்டாம் முறையும் போட்டேன். "மாத்தவே இல்லையே நீ" என்றார். எனக்குப் புல்லரித்தது. ஆயுள் முழுக்க மெஷின் இரைச்சலில் நின்ற மனிதருக்கு இப்படியொரு காதா! நீங்கள் தொலைவில் உட்கார்ந்து சொன்னதை, இவர் கண்ணை விழித்துக்கொண்டு காதாலேயே கண்டுபிடித்துவிட்டார். மற்ற இரண்டையும் அன்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர், "உங்க வீட்டுக்காரர் காது பொன் காது மேடம்" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது எங்கள் வீட்டில் ஹெட்போன் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் இவர் ஹாலில் பாட்டுப் போடுகிறார், நான் கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ பக்கத்தில் உட்காருகிறேன். இது யார் வாசிப்பது, இந்த வயலின்காரர் என்ன இப்படி இழுக்கிறார், எங்கள் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் ஒருத்தி இருந்தாளே, அவள் வராந்தாவில் இதைத்தான் முணுமுணுப்பாள் என்று நான் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன். இவரும் பதில் சொல்கிறார். போன வாரம் சமையலறையில் ஏதோ நெடியில் தும்மினேன். ஹாலில் இருந்து, "என்ன, சளி புடிச்சிருக்கா?" என்று குரல் வந்தது. அவ்வளவுதான் கேட்டார். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கவில்லை, அதனால் சாக்குச் சொல்ல முடியாது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இத்தனை பாடும் பட்டேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்று என் வீட்டுக்காரரை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, அதைச் சொன்னவர் நீங்கள். இந்த உதவியை நான் கண்ணை மூடும்வரை மறக்க மாட்டேன்.

அண்ணியிடம் என் அன்பைச் சொல்லுங்கள், முட்டிவலிக்கு அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் காதும் கண்ணும் குறையாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டு நீண்டகாலம் இருக்க வேண்டும்.

என்றும் நன்றியுள்ள,
உங்கள் சம்பந்தியம்மா

பின்குறிப்பு: சம்பந்தி, இது நான். விலாசம் எழுதிக் கவரை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்திருக்கிறாள். மூன்று விஷயம் உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டும். பெட்டி இப்போது மேஜை இழுப்பறையில் இருக்கிறது. ஒருநாள் தூசி தட்டும்போது கழற்றினேன், திரும்ப மாட்டும்போது மறந்து வயரைப் பழையபடி கம்ப்யூட்டரிலேயே சொருகிவிட்டேன். அன்று சாயங்காலம்தான் உங்கள் சம்பந்தியம்மா, "இன்னைக்குத்தாங்க பெட்டி நல்லா செட்டாகியிருக்கு" என்று பூரித்துப்போனாள். அதற்கப்புறம் எந்த வாயால் சொல்வது? மவுஸ் பிறாண்டத்தான் செய்கிறது, அவள் பேசும்போது அது யாருக்குக் கேட்கிறது? அடுத்தது அந்தப் பரிசோதனை. அவள் பெட்டியைத்தான் துண்டால் மூடினாள், முகத்தை மூடவில்லை. அச்சகத்தில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது, ஆளின் முகத்தைப் பார்த்துத்தான் மெஷினை நிறுத்துவதும் ஓட்டுவதும். நீங்கள் சொன்ன பெட்டி வரும்போதெல்லாம் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும், நான் இதுதான் என்பேன். கடைசி விஷயம், இதை யாரிடமும் சொன்னதில்லை. மெஷினை விட்டு வந்த நாளிலிருந்து என் காதுக்குள் ஒரு விசில் நிற்காமல் அடிக்கிறது. வீடு அமைதியாக இருந்தால் பொறுக்க முடியாது, அதற்காகத்தான் ஹெட்போன். சொன்னால் என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறுவாளே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். இப்போது சாயங்காலம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறாளே, அந்த நேரம் மட்டும் விசில் இருப்பதே தெரிவதில்லை. பாட்டு என்ன ஓடுகிறது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. உங்களுக்கு என் நன்றி அவளுடையதை விட ஒரு படி கூட. அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: அண்ணா, சரிபார்க்காமல் நான் எந்த ரிப்போர்ட்டையும் வெளியே அனுப்பியதில்லை, இதையும் பிரித்துப் படித்துவிட்டேன். நான் படித்தது இவருக்குத் தெரியாது. காது டாக்டரிடம் நாளைக் காலையில் நேரம் வாங்கியாயிற்று, எனக்குக் காட்டிக்கொள்ளத் துணைக்கு வாருங்கள் என்று சொல்லி அழைத்துப்போவேன். பெட்டியை நானே மாட்டிவிட்டேன், நீங்கள் சொன்ன பெட்டி இழுப்பறையில் கிடக்கக் கூடாது. இவர் இப்போது ஹாலில் பாட்டைப் போட்டுவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடிதத்தை இதோடு முடிக்கிறேன், நான் போய்ப் பேச வேண்டும்.